தமிழ் வகுப்பறையிலிருந்து ஆலைவாயிலுக்கு
திரு.வி.க.வின் வாழ்வும் வடசென்னைத் தொழிலாளர் நலனும்

உழைப்பே உலகின் அச்சாணி. நாம் உண்ணும் சோறும் உடுத்தும் ஆடையும் உறையும் வீடும் யாரோ ஒருவருடைய கைகளின் பயன். ஆயினும் அக்கைகளுக்கு உரியவர் பசித்திருக்கிறாரா, உறங்கினாரா, நோயுற்றிருக்கிறாரா, மதிக்கப்படுகிறாரா என்று எண்ணிப் பார்ப்போர் எல்லாக் காலத்திலும் சிலரே. அச்சிலருள் ஒருவராக, அதிலும் தமிழ் கற்பித்து வாழ்ந்த ஒருவராகத் திகழ்ந்தவர் தமிழ்த்தென்றல் திரு.வி. கலியாணசுந்தரனார். அவரை உரைநடைச் செம்மலாக நம் மாணவர் அறிவர்; 'பெண்ணின் பெருமை'யையும் 'முருகன் அல்லது அழகு' நூலையும் பாடமாகப் படித்தோரும் உளர். ஆனால் பெரம்பூரின் ஆலைப்புகைக்கு நடுவே நின்று தொழிலாளரின் மெய்ந்நலத்திற்கும் மனநலத்திற்கும் மதிப்பிற்கும் போராடிய திரு.வி.க.வை அறிந்தோர் குறைவு. அந்தத் திரு.வி.க.வை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வடசென்னை உழைப்பாளர் பூமி. தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை நிலையம் 1856இல் இராயபுரத்தில் எழுந்தது. அதனையடுத்துத் துறைமுகம் வளர்ந்தது, பண்டகசாலைகள் பெருகின, தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் கிடங்குகள் தோன்றின. பின்னாளில் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தீப்பெட்டி, மோட்டார் வாகனம், இரப்பர், மின்சாரம் எனத் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. ஒருபுறம் காசிமேட்டின் கட்டுமரங்கள். மறுபுறம் மூட்டை சுமக்கும் தோள்கள். பட்டினத்தார் அடங்கிய திருவொற்றியூரும் வள்ளலார் நடந்த தெருக்களும் இப்பகுதியைச் சேர்ந்தவை. அருளாளர் உலவிய அதே மண்ணில் அன்றாடங்காய்ச்சிகளின் வியர்வையும் சிந்தியது. இந்நிலப்பரப்பின் தொழிலாளர் வரலாறு முறையாகத் தொடங்கிய இடம் சற்று மேற்கே உள்ள பெரம்பூர். அங்கிருந்த பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளே அதன் முதல் களம்.

இளமையும் கல்வியும்

திரு.வி.க. 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் விருத்தாசலனார், தாயார் சின்னம்மாள். முன்னோர் திருவாரூரினர் ஆதலின் அவ்வூர்ப் பெயர் அவருடைய பெயரின் முதலெழுத்தாக நிலைபெற்றது. கல்வியின் பொருட்டுக் குடும்பம் சென்னை இராயப்பேட்டைக்கு வந்தது. இளமையில் நோயால் கைகால் முடங்கி அவரது படிப்புச் சில ஆண்டுகள் தடைப்பட்டது. உடல் நலம் குன்றினால் வாழ்வின் வாயில்கள் எவ்வாறு ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும் என்பதை அவர் சிறுவராய் இருந்தபோதே உணர்ந்திருக்கக் கூடும்.

வெஸ்லி பள்ளியில் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை அவருக்குத் தமிழாசிரியராக வாய்த்தார். ஆசிரியரிடத்துக் கொண்ட பற்று மாணவரின் வாழ்வையே திருப்பிவிட்டது. அருட்பா மருட்பா வழக்கின்பொருட்டு ஆசிரியருக்குத் துணை நின்றமையால் 1904இல் இறுதித் தேர்வை எழுத இயலாது போயிற்று. பள்ளிப்படிப்பு அத்தோடு நின்றது, தமிழ்ப்படிப்பு நிற்கவில்லை. கதிரைவேற்பிள்ளை மறைந்த பின் மயிலைத் தணிகாசல முதலியாரிடம் இலக்கியமும் சாத்திரமும் பயின்றார்.

பட்டம் இல்லாத இளைஞருக்குப் பிழைப்பு எளிதன்று. அவர் ஸ்பென்சர் நிறுவனத்தில் கணக்கராக அமர்ந்தார். நாட்டுப்பற்று மிக்க ஏடுகளைப் படிப்பதும் அவற்றைப் பற்றி உடன் பணிபுரிவோரிடம் உரையாடுவதும் அங்கே பொருந்தாமற் போகவே அப்பணி நீடிக்கவில்லை. பிறரிடம் ஊதியம் பெற்று வாழ்வோர் தம் மனத்தையும் சேர்த்து அடகு வைக்க வேண்டுமா என்னும் வினா அவருக்கு அனுபவத்தால் எழுந்த வினா, நூலால் எழுந்ததன்று.

ஆசிரியர், இதழாசிரியர்

1910 முதல் ஆயிரம் விளக்கில் இருந்த வெஸ்லியன் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியர் ஆனார். அக்காலத்தில் கல்லூரித் தமிழாசிரியர் பதவி பெருமதிப்புக்குரியது. ஆனால் ஆங்கிலத்தின் நிழலில் ஒதுங்கி நின்ற பதவி. அமைதியாகப் பாடம் நடத்திக் காலம் கழித்திருந்தால் ஒரு நல்ல புலவர் என்ற பெயரோடு அவர் வாழ்வு நிறைந்திருக்கும்.

அவர் அவ்வாறு அமையவில்லை. 1917 டிசம்பர் 7ஆம் நாள் 'தேசபக்தன்' நாளிதழ் அவரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. நிலையான வருவாயுள்ள பணியைத் துறந்து, அரசின் சினத்திற்கு எந்நேரமும் ஆளாகக்கூடிய பணியை மேற்கொண்டார். அரசியல் எழுத்தென்றால் ஆங்கிலமே என்றிருந்த காலம் அது. பொருளியலையும் ஆட்சியியலையும் தொழிலாளர் சிக்கலையும் எளிய, இனிய தமிழில் எழுத முடியும் என்பதைத் 'தேசபக்தன்' நாள்தோறும் மெய்ப்பித்தது. 1920 அக்டோபர் 22இல் அவர் தொடங்கிய 'நவசக்தி' வார இதழ் அப்பணியைத் தொடர்ந்தது.

மொழித்தொண்டையும் தொழிலாளர் தொண்டையும் இருவேறாகக் கருதுவது நம் வழக்கம். திரு.வி.க.விடம் அவை ஒன்றே. தன் துன்பத்தைச் சொல்லத் தன் மொழியில் சொல் கிடைக்காத மனிதன் ஊமைக்கு ஒப்பாவான். முதலாளியின் கணக்கேடும் அரசின் சட்டமும் நீதிமன்றத்தின் தீர்ப்பும் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றின் பொருளை ஆலைத் தொழிலாளி தமிழிற் கேட்ட அன்றுதான் அவன் அவற்றை மறுத்துரைக்கவும் தகுதி பெற்றான்.

ஆலைக்குள் ஒரு நாள்

பக்கிங்காம் ஆலை 1876இலும் கர்நாட்டிக் ஆலை அதனையடுத்த சில ஆண்டுகளிலும் பின்னி நிறுவனத்தாரால் நிறுவப்பட்டவை. 1920இல் இரண்டும் ஒரே நிறுவனமாக இணைந்தன. அங்கே நெய்யப்பட்ட காக்கித் துணி நெடுந்தொலைவு புகழ் பெற்றது. அத்துணியை நெய்தோரின் நிலையோ வேறு.

1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் வளர்ந்த ஆண்களின் வேலை நேரத்தை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணியாக வரையறுத்தது. அதாவது பன்னிரண்டு மணி நேர உழைப்பு சட்டம் வழங்கிய சலுகையாகக் கருதப்பட்ட காலம் அது. விடியுமுன் எழுந்து, தொலைவிலிருந்து நடந்து, காலையில் ஆலைக்குள் நுழைந்தவர் மாலை மங்கும்போது வெளியே வந்தார். பஞ்சுத்தூசு மார்பில் படிந்தது. தறியோசை செவியை மந்தமாக்கியது. நண்பகல் இடைவேளை அரைமணி. அந்த அரைமணிக்குள் கூட்டத்தோடு முண்டி வெளியே வந்து, வீட்டிலிருந்து வந்த சோற்றைத் தேடிப் பெற்று, வெயிலில் அமர்ந்து விழுங்கி, கைகழுவி, மீண்டும் வாயிலை அடைய வேண்டும். சற்றே தாமதித்தால் கூலி பிடிக்கப்படும். மேற்பார்வையாளர்களின் வசையும் அடியும் வேறு.

இதனால் விளைந்தது என்ன? பசியாறாத வயிறும் ஓய்வறியாத உடலும் அஞ்சிய மனமும் தறியின் முன் நின்றன. நூல் அறுந்தது, தவறு நேர்ந்தது, தவற்றுக்குத் தண்டம் விழுந்தது, தண்டம் பசியைப் பெருக்கியது. இவ்வட்டத்திற்குள் சுழன்ற மனிதனைச் சோம்பேறி என்றும் பொறுப்பற்றவன் என்றும் பழித்தல் எளிது. வேலையின் தரம் வேலை செய்பவரின் நலத்தைச் சார்ந்தது என்பதை இன்று மேலாண்மை நூல்கள் விரித்துரைக்கின்றன. பெரம்பூர்த் தொழிலாளி அதனை நூற்றாண்டுக்கு முன்னரே தன் உடம்பால் அறிந்திருந்தான்.

சங்கத்தின் தோற்றம்

பெரம்பூர்ப் பகுதியில் சிறுகடை வைத்திருந்தவர் கோ. செல்வபதி செட்டியார். மாலையில் கடைக்கு வரும் தொழிலாளர்கள் பண்டத்தோடு தங்கள் குறைகளையும் அவர்முன் இறக்கி வைத்தனர். அவரும் இராமாநுஜலு நாயுடுவும் ஒரு சமயச் சபையை நடத்தி வந்தனர். ஆன்மிகச் சொற்பொழிவு கேட்க வந்தோரின் வயிற்றுப்பாட்டை அச்சபையினரால் மறக்க முடியவில்லை. 1918 மார்ச்சுத் திங்களில் அங்கே நடைபெற்ற தொழிலாளர் கூட்டத்தில் திரு.வி.க. உரையாற்றினார். பக்திச் சொற்பொழிவாளராக அவரை அறிந்திருந்த மக்கள் அன்று வேறொரு பொருள் பற்றிய பேச்சைக் கேட்டனர்.

அன்னிபெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' இதழோடு தொடர்புடைய பி.பி. வாடியாவையும் செல்வபதியார் அணுகினார். பார்சி மரபினரான வாடியா தொழிலாளரின் குறைகளைக் கேட்டறிந்து தலைமை ஏற்க இசைந்தார். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர், செல்வபதியாரும் இராமாநுஜலு நாயுடுவும் செயலாளர்கள். உறுப்பினர் பட்டியலும் சந்தாவும் கூட்டமும் கொண்டு ஒழுங்குற அமைந்த இந்தியத் தொழிற்சங்கங்களுள் இதுவே முதலாவது என்று வரலாற்றாசிரியர் கூறுவர். ஒரு பார்சி அறிஞர், ஒரு சிறுவணிகர், ஒரு தமிழாசிரியர் ஆகியோரின் கைகளோடு பல சமயத்தையும் பல சாதியையும் சார்ந்த ஆலைத் தொழிலாளரின் கைகள் சேர்ந்து அச்சங்கத்தை எழுப்பின.

சங்கம் முதலில் கேட்டவை எளியவை. உண்பதற்குப் போதிய நேரமும் அடி, வசை இல்லாத நடத்தையும் விலைவாசிக்கேற்ற கூலியுமே அவை. உலகப்போரின் இறுதியில் அரிசி விலை ஏறிச் சென்னையில் கலகமே மூண்ட ஆண்டு 1918 என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். உணவு இடைவேளை சில நிமிடங்கள் நீண்டது. சில நிமிடந்தானே என்று நமக்குத் தோன்றலாம். கேட்டால் கிடைக்கும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கேளாதிருந்தோர் அறிந்துகொண்ட நிமிடங்கள் அவை.

வாடியா ஆங்கிலத்தில் பேசுவார். அதனைத் தமிழாக்கித் தொழிலாளர் நெஞ்சிற் பதியச் செய்யும் பணி நடந்தது. திரு.வி.க.வோ தமிழிலேயே சிந்தித்துத் தமிழிலேயே முழங்கினார். கூட்டங்களில் ஊதியத்தைப் பற்றி மட்டும் அவர் பேசவில்லை. கல்வி, தூய்மை, குடியொழிப்பு, மனைவி மக்களை மதித்தல், நூல் படித்தல் என வாழ்வின் பல கூறுகளும் அவர் பேச்சில் இடம்பெற்றன. தொழிலாளியை ஆலை இயந்திரத்தின் ஓர் உறுப்பாக முதலாளி கண்டார்; வேலைநிறுத்தத்தின் ஒரு படைவீரனாக அரசியலார் கண்டனர்; திரு.வி.க. அவனை முழு மனிதனாகக் கண்டார்.

அதே 1918ஆம் ஆண்டு அவருடைய சொந்த வாழ்வில் இருள் சூழ்ந்த ஆண்டு. 1912இல் அவரை மணந்து இல்லறத்தை ஒளிபெறச் செய்த கமலாம்பிகை அம்மையார் 1918இல் நோயால் மறைந்தார். பிறந்த மக்கள் இருவரும் முன்னரே மறைந்திருந்தனர். மறுமணத்தை அவர் நாடவில்லை. பெண்மையைப் போற்றும் அவருடைய எழுத்துகளின் ஊற்றுக்கண் அவ்வம்மையாரின் நினைவே எனலாம். தனிமை சிலரை உலகிலிருந்து விலக்கும். அவரை உலகினுள் மேலும் ஆழச் செலுத்தியது.

சோதனைக் காலம்

1920இன் இறுதியில் ஆலையில் கதவடைப்பு நேர்ந்தது. டிசம்பர் 9ஆம் நாள் காவலர் சுட்டதில் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். பின்னி நிறுவனத்தார் வாடியா முதலியோர்மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். தொழிலாளரை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாகக் கூறிப் பெருந்தொகை இழப்பீடு கேட்டனர். நீதிமன்றமும் தடையாணை பிறப்பித்தது. தொழிற்சங்கம் அமைத்தலே குற்றமாகக் கருதப்படக்கூடிய நிலை! வாடியா சங்கப்பணியிலிருந்து விலகுதல் என்னும் ஏற்பாட்டோடு அவ்வழக்கு ஓய்ந்தது. எனினும் அதன் எதிரொலி தில்லி வரை சென்றது. தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று என்.எம். ஜோஷி 1921இல் மத்திய சட்டமன்றத்தில் குரல் எழுப்பினார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. இந்தியத் தொழிலாளர் அனைவருக்கும் பயன்பட்ட அச்சட்டத்தின் வேர் வடசென்னையில் ஊன்றியிருந்தது.

வாடியா விலகிய பின் பொறுப்பு முழுதும் திரு.வி.க.வின் தோள்மீது விழுந்தது. 1921 ஜூனில் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் வரை நீடித்தது. அதுவே அவர் வாழ்வின் பெருஞ்சோதனை. அவ்வேலைநிறுத்தத்தின் வரலாற்றில் பெருமைப்படத் தக்கவையும் உண்டு. வருந்தத் தக்கவையும் உண்டு. இரண்டையும் கூறுவதே நேர்மை.

சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் பெரும்பாலும் வேலைநிறுத்தத்தில் உறுதியாக நின்றனர். ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினர். அவர்தம் தலைவர் எம்.சி. ராஜாவும் அதனை ஆதரித்தார். இதனைத் துரோகம் என்று கூறி முடித்தல் எளிது. ஆனால் அவர்கள் நிலையிலிருந்து நோக்க வேண்டும். மற்றையோருள் சிலருக்குச் சொந்த ஊரில் துண்டு நிலமோ உறவினர் வீடோ இருந்தது. ஆதிதிராவிடருக்கு ஆலைக்கூலியன்றி வேறு பற்றுக்கோடு இல்லை. மேலும், தெருவிலும் கிணற்றடியிலும் தம்மை ஒதுக்கி வைத்தோர் ஆலைவாயிலில் மட்டும் உடன்பிறப்பே என்று அழைத்தால் அவ்வழைப்பை அவர்கள் எவ்வாறு நம்புவர்? வாழ்நாள் முழுதும் மறுக்கப்பட்ட சமத்துவத்தை வேலைநிறுத்தத்தின்போது மட்டும் நினைவுகூர்ந்தால் அது பயன் தாராது.

விளைவு கொடிது. ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. ஆதிதிராவிடர் குடிசைகள் தீக்கிரையாயின. ஆகஸ்டு இறுதியில் காவலர் துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். ஒரே தறிக்கூடத்தில் தோளோடு தோள் நின்று உழைத்த ஏழைகள் ஒருவரையொருவர் பகைவராகக் கண்டனர். அரசியல் கட்சிகளும் பிளவுபட்டன. ஆட்சியிலிருந்த நீதிக்கட்சிக்குள்ளேயே வண்ணாரப்பேட்டைப் பெருந்தகை பிட்டி தியாகராயர் வேலைநிறுத்தம் செய்தோர் பக்கம் நின்றார். அரசின் தொழிலாளர் துறையோ ஆதிதிராவிடரைக் காப்பதையே கடமையாகக் கொண்டது. ஆளுநர் வெல்லிங்டன் திரு.வி.க.வை அழைத்து நாடு கடத்துவதாக எச்சரித்தார். அவர் அஞ்சிப் பின்வாங்கவில்லை. தியாகராயர் போன்றோரின் தலையீட்டால் அந்த ஆபத்து நீங்கியது என்று தம் வாழ்க்கைக் குறிப்புகளில் அவரே பதிவு செய்துள்ளார்.

அக்டோபரில் வேலைநிறுத்தம் முடிந்தது. கேட்டவை கிட்டவில்லை. பலர் வேலையிழந்தனர். சங்கம் நலிந்தது. வெளிப்பார்வைக்கு இது தோல்வியே. இத்தோல்வி கற்பித்த பாடமோ பெரிது: சமூகத்தில் சமத்துவம் இல்லாதவரையில் தொழிற்கூடத்தில் ஒற்றுமை நிலைக்காது. தொழிலாளர் நலன் என்பது ஆலைச்சுவருக்குள் தொடங்கி ஆலைச்சுவருக்குள் முடிவதன்று. அது சேரிக்கும் தெருவுக்கும் பள்ளிக்கும் வழிபாட்டிடத்திற்கும் உரியது. சாதி வேற்றுமையைக் கடிந்தும் சமயங்களின் பொதுமையை விளக்கியும் திரு.வி.க. பின்னாளில் இடையறாது எழுதியமைக்கு 1921இன் புகையும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

நலத்திட்டமும் உரிமையும்

இங்கே ஒரு வினா எழும். பின்னி ஆலை கொடுமையே வடிவானதா? அன்று. தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி, குடியிருப்புகள், மலிவு விலைப் பண்டசாலை, மருத்துவ வசதி எனப் பல நன்மைகளை அந்நிறுவனம் செய்தது. அக்கால இந்தியாவில் அதனை முன்மாதிரி ஆலை என்று பாராட்டியவர்களும் உண்டு. நலம் பெற்ற தொழிலாளி நன்கு உழைப்பான் என்பதை அம்முதலாளிகள் அறிந்தே இருந்தனர்.

அங்ஙனமாயின் சங்கம் எதற்கு? இவ்வினாவிற்கான விடையில்தான் திரு.வி.க.வின் தனிச்சிறப்பு விளங்குகிறது. தந்தவர் நினைத்தால் நிறுத்தக்கூடியது சலுகை. பெற்றவர் தலைநிமிர்ந்து கேட்கக்கூடியது உரிமை. பண்டசாலையில் மலிவாக அரிசி வாங்குவோனுக்கு மேற்பார்வையாளரின் அடியைத் தட்டிக் கேட்கும் வழி இல்லையெனில் அவன் வயிறு நிரம்பலாம், மனம் நிரம்பாது. மதிப்பும் நலத்தின் ஒரு பகுதியே. தன் சொல் கேட்கப்படும் என்னும் நம்பிக்கையும் ஒருவகை உணவே. அந்நம்பிக்கை உள்ளவன் வேலையைத் தன்னுடையதாகக் கருதுவான்; இல்லாதவன் மணியோசையை எதிர்நோக்கி நாளைக் கழிப்பான்.

காந்தியடிகளின் அறத்தையும் கார்ல் மார்க்சின் பொருளியலையும் இணைத்துக் காண அவர் முயன்றார். 'மனித வாழ்க்கையும் காந்தியடிகளும்' என்னும் அவருடைய நூல், அப்பெரும்போராட்டம் நிகழ்ந்த அதே 1921இல் வெளிவந்தது. பகைமையின்றிப் போராட முடியும் என்றும், பொருளில் நீதியின்றி அறம் நிலவாது என்றும் ஒருங்கே கொண்டது அவர் நெறி. இருபாலாரும் அவரைக் குறைகூறினர். ஒருசாரார் அவரைத் தீவிரர் என்றனர். மற்றொரு சாரார் மென்மையானவர் என்றனர். நடுவில் நிற்போர்க்கு எக்காலத்தும் நேர்வது இதுவே.

நெசவாலையோடு அவர் தொண்டு நிற்கவில்லை. இருப்புப்பாதைப் பணிமனை, டிராம், அச்சுக்கூடம், மண்ணெண்ணெய்க் கிடங்கு எனப் பல துறைத் தொழிலாளரும் சென்னையில் சங்கம் அமைத்த காலம் அது, அவர்களுக்கெல்லாம் திரு.வி.க.வின் சொல் துணையாயிற்று. மயிலைக் கடற்கரையோரத்து மீனவ மரபினரான ம. சிங்காரவேலர் 1923 மே முதல் நாளன்று சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். இவ்விருவரும் கொள்கையில் வேறுபட்டோர்; உழைப்பாளர் பக்கம் நிற்பதில் ஒன்றுபட்டோர்.

முதுமையும் முடிவும்

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் ஆலைத் தொழிலாளர் மீண்டும் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போது அறுபது வயதைக் கடந்துவிட்ட திரு.வி.க. வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். வெள்ளையர் ஆட்சியில் நாடு கடத்தப்படவிருந்தவர், தாம் பாடுபட்டு வளர்த்த இயக்கத்தின் ஆட்சியில் காவலுக்கு உள்ளானார். யார் ஆள்கின்றனர் என்று பாராமல் யார் உழைக்கின்றனர் என்று பார்த்தவருக்கு அது வியப்பளித்திராது.

1944இல் வெளிவந்த அவருடைய 'வாழ்க்கைக் குறிப்புக்கள்' தமிழின் சிறந்த தன்வரலாறுகளுள் ஒன்று. தனியொருவர் வாழ்வோடு ஒரு நகரத்தின், ஓர் இயக்கத்தின், ஒரு மொழியின் வரலாறும் அதில் பின்னிக் கிடக்கிறது. முதுமையில் அவர் கண்ணொளி குன்றியது. அந்நிலையிலும் சொல்லச் சொல்லப் பிறரை எழுதச் செய்து நூல்களை ஆக்கினார். படுக்கையிற் கிடந்தபடி இயற்றியவற்றிற்குப் 'படுக்கைப் பிதற்றல்' என்றும் 'முதுமை உளறல்' என்றும் பெயரிட்ட பணிவு அவருடையது. 1953 செப்டம்பர் 17ஆம் நாள் அவர் மறைந்தார். செல்வம் என்று அவர் சேர்த்து வைத்தவை நூல்களும் மாணாக்கரும் தொழிலாளர் அன்பும் மட்டுமே.

நமக்குரிய பாடம்

பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. காக்கித் துணி நெய்த கூடங்கள் அமைதியாயின. எனினும் அங்கு எழுந்த வினாக்கள் மூடப்படவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்ற வரையறையையும், ஓய்வு இடைவேளையையும், பெரிய தொழிற்சாலைகளில் உணவகத்தையும் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் வந்தது. வெயிலில் அமர்ந்து சோறு விழுங்கிய பெரம்பூர்த் தொழிலாளியின் குறை முப்பதாண்டுகளுக்குப் பின் சட்டத்தில் எழுத்தாயிற்று.

எழுத்தாகியவை என்றும் நிலைத்திருக்கும் என்று எண்ணவும் இயலாது. 2023 ஏப்ரலில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது; தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் அது திரும்பப் பெறப்படுவதாக அவ்வாண்டு மே முதல் நாளன்று அறிவிக்கப்பட்டது. சிங்காரவேலரின் முதல் மே நாளுக்குச் சரியாக நூறாண்டுகள் நிறைந்த நாள் அது! பன்னிரண்டு மணி என்னும் சொல் பெரம்பூருக்குப் புதிதன்று என்பதை அறிந்தோர் அந்நாளின் பொருளை நன்குணர்வர்.

துறைமுகத்திலும் எண்ணூர்ச் சாலையிலும் இன்று உழைப்போரின் தொழில் மாறியிருக்கிறது. மூட்டை சுமந்த இடத்தில் சரக்குப் பெட்டகங்கள் வந்துவிட்டன. நிரந்தரப் பணியாளரின் அருகே, அதே வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர் நிற்கின்றனர். சுமையுந்து ஓட்டுநர் துறைமுக வாயிலில் நெடுநேரம் வரிசையில் காத்துக் கிடக்கின்றார். வடமாநிலத்திலிருந்து வந்த இளைஞர் தம் குறையைச் சொல்லத் தமிழறியாது தவிக்கின்றார். 1921இல் ஆலைவாயிலில் எழுந்த வினாவே இன்று வேறு உருவில் எழுகின்றது: நம்மோடு உழைத்தும் நம்முள் ஒருவராக நாம் எண்ணாதவர் யார்?

மாணவச் செல்வங்களே! உங்களில் பலர் உழைப்பாளர் இல்லங்களிலிருந்து வருகின்றீர்கள். நாளை உங்களுள் சிலர் மேற்பார்வையாளராகவும் அலுவலராகவும் தொழில்முனைவோராகவும் அமர்வீர்கள். அப்போது உங்கள்கீழ் உழைப்பவர் உண்ணப் போதிய நேரம் பெற்றாரா, அவர் குறை சொல்ல வழி உண்டா, அவரைப் பெயர் சொல்லி மதிப்போடு அழைத்தீர்களா என்று எண்ணிப் பாருங்கள். தொழில் நடத்தும் சமுதாயப் பெரியோர்களும் அறக்கொடையோடு இதனையும் அறமாகக் கொள்வார்களாக. ஈகை பசியைத் தணிக்கும். நீதி பசி நேராமற் காக்கும்.

தமிழ் படிப்பதால் பயன் என்ன என்று வினவுவோர் இன்றும் உண்டு. பள்ளியிறுதித் தேர்வையும் எழுத இயலாத தமிழாசிரியர் ஒருவர் தம் மொழியை ஆலைவாயிலுக்கு எடுத்துச் சென்றார். பேசத் தெரியாதிருந்த ஆயிரமாயிரவர் அதனால் பேசத் தொடங்கினர். அவ்வினாவுக்கு இதைவிட வேறு விடை வேண்டுவதில்லை.